குட்டைக் கால் நாய்க்கு மூன்று பரீட்சை



"டேஷ்" என்று நம்ம ஊரில் சுருக்கமாகக் கூப்பிடுகிற நாயைப் பார்த்திருப்பீர்கள். நீளமான உடம்பு, குட்டைக் கால், தொங்கும் காது. ரெண்டு நாய் நீளம், அரை நாய் உயரம் என்று கிண்டல் பண்ணுவார்கள். வளர்ப்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அழகா இருக்கும், ஆனா சொன்ன பேச்சு கேக்கவே கேக்காது."

இந்தச் 'சொன்ன பேச்சு கேட்காத' டாஷ்ஹண்ட் நாயை ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மூன்று விதமான பரீட்சைக்கு அனுப்புகிறார்கள். ஒன்று, உடலமைப்பைப் பார்க்கும் கண்காட்சி. இரண்டு, கீழ்ப்படிதல் போட்டி. மூன்று, புல்வெளியிலும் புதரிலும் மோப்பம் பிடித்துக் காட்ட வேண்டிய களச் சோதனை. மூன்றிலும் ஒரே நாய் தேறுமா? தேறும். ஆனால் ஒரு பரீட்சைக்குப் படித்த பாடம் இன்னொரு பரீட்சையில் காலை வாரி விடும்! அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த நாய் ஏன் இப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர் என்ற விலங்கு, 'ஹுண்ட்' என்றால் நாய். பேட்ஜர் நம்ம ஊரில் இல்லை. முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடும், மண்வெட்டி மாதிரி நகமும் உள்ள, தரைக்குள் வளை தோண்டி வாழும் முரட்டுப் பிராணி. அதன் வளைக்குள் நுழைந்து, இருட்டில் அதை எதிர்த்து நின்று குரைப்பதற்காகவே ஜெர்மன் வேட்டைக்காரர்கள் உருவாக்கிய நாய் இது. குட்டைக் கால் வளைக்குள் நுழைய. அகன்ற மார்பு, புழுக்கமான இடத்திலும் மூச்சுக்குத் திணறாமல் இருக்க. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல் எதற்கு? மேலே நிற்கிற எஜமானுக்கு "நான் இங்கே இருக்கேன், இந்த இடத்தில் தோண்டு" என்று தகவல் சொல்ல!

இப்போது யோசியுங்கள். வளைக்குள் போன நாய்க்கு எஜமான் கையசைப்பது தெரியாது, அவர் கத்துவதும் கேட்காது. முன்னே போவதா, பின்வாங்குவதா என்று அதுவே முடிவெடுத்தால்தான் உயிர் பிழைக்கும். பல தலைமுறைகளாக, சொந்தமாக முடிவெடுக்கத் தெரிந்த நாய்களையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். அப்படிப்பட்ட நாயை வீட்டில் வைத்துக்கொண்டு "உட்கார்" என்றால், "எதுக்கு?" என்று ஒரு பார்வை பார்க்கத்தான் செய்யும். அது முட்டாள்தனம் இல்லை. அதை அந்த வேலைக்கு எடுத்ததே அப்படிப்பட்ட மூளைக்காகத்தான்.

கால் குட்டையானதற்கு விஞ்ஞானக் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டதால்தான் கால் எலும்பு சீக்கிரம் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்று 2009-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். இதே மரபணுவுக்கு வேறொரு குரோமோசோமில் இன்னொரு நகலும் உண்டு. அது செய்கிற வேலை அவ்வளவு நல்லதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜெர்மனியில் இந்த இனத்துக்கான சங்கம் 1888-இல் தொடங்கியது. அங்கே வீட்டில் 'டாக்கல்' என்பார்கள், வேட்டைக்காரர்கள் 'டெக்கல்' என்பார்கள். வழுவழு முடி, கம்பி முடி, நீள முடி என்று மூன்று வகை. அளவிலும் மூன்று. அமெரிக்காவில் தராசில் நிறுத்தி அளவு பிரிக்கிறார்கள். ஜெர்மனியில் நாடாவால் மார்புச் சுற்றளவைப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ ஜெர்மன்காரர்கள் செய்வதுதான் நியாயமாகப் படுகிறது. வளைக்குள் நுழைய முடியுமா என்பதைச் சொல்வது மார்பளவுதானே, எடை இல்லையே!

சரி, பரீட்சைக்கு வருவோம்.

கண்காட்சி என்றால் ரிப்பன் கட்டி, பவுடர் போட்டு ஊர்வலம் விடுவது என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்கு ஏற்ற உடம்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் ஆதி நோக்கம். டாஷ்ஹண்டை ஒரு மேஜை மேல் நிறுத்துவார்கள். முன்பின் தெரியாத நடுவர் வந்து உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார், மார்பெலும்பைத் தடவுவார், முதுகை அழுத்துவார். நாய் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு கீழே இறக்கி, நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்வார், வட்டமாக ஓடச் சொல்வார். முன்னங்கால் மணிக்கட்டு முன்பக்கமாக மடங்கினால் அமெரிக்க விதிப்படி தகுதி நீக்கம். அதே விதிப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வரி உண்டு: இது வேட்டை நாய் என்பதால், வேலையில் பட்ட காயத்தின் தழும்பைக் குறையாக எடுக்கக் கூடாதாம். அழகுப் போட்டியில் தழும்புக்கு மன்னிப்பு! அங்கே சாம்பியன் பட்டம் வாங்க 15 புள்ளி சேர்க்க வேண்டும். அதுவும் ஒரே நடுவரிடம் சேர்த்தால் செல்லாது, குறைந்தது மூன்று நடுவர்கள் வெற்றி கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கான பயிற்சி குட்டியாக இருக்கும்போதே தொடங்கிவிடும். வீட்டு மேஜையில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு, குட்டியை ஏற்றி, பத்து விநாடி நின்றால் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். பிறகு இருபது விநாடி. பிறகு பக்கத்து வீட்டுக்காரர், தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர் என்று ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்ப்பார்கள். வெளியாள் கை பட்டால் தீனி வரும் என்று குட்டியின் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேஜையிலிருந்து அதுவாகக் குதிக்க மட்டும் விடவே கூடாது.

அடுத்தது கீழ்ப்படிதல். அமெரிக்கன் கென்னல் கிளப் போட்டியில் மொத்தம் 200 மதிப்பெண். தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். ஒரு பாடத்தில் கோட்டை விட்டால் மொத்தமும் போச்சு, நம்ம பப்ளிக் பரீட்சை மாதிரிதான்! இப்படி மூன்று முறை தேறினால்தான் முதல் பட்டம். ஆரம்ப நிலையில் எஜமானின் இடது காலை ஒட்டி நடக்க வேண்டும், எட்டு வடிவத்தில் சுற்றி வர வேண்டும், கூப்பிட்டால் நேராக ஓடி வந்து முன்னால் உட்கார வேண்டும். மேல் நிலைகளில் டம்பெல் கட்டையைத் தூக்கி வர வேண்டும், தாண்ட வேண்டும், ஒரே மாதிரி இருக்கும் பல பொருள்களில் எஜமான் கை பட்டதை மட்டும் மோந்து எடுத்து வர வேண்டும். தாண்டும் தடையின் உயரத்தை நாயின் தோள் உயரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதனால் குட்டைக் கால்காரர்களுக்கு அநியாயம் இல்லை.

டாஷ்ஹண்டுக்கு இதில் சில சொந்தக் கஷ்டங்கள் உண்டு. எஜமானின் முகத்தைப் பார்த்தபடி நடக்கச் சொன்னால், தரையை ஒட்டி இருக்கும் இந்த நாய்க்குக் கழுத்து வலிக்கும். அவர் குனிந்து குனிந்து தீனி கொடுத்தால் அவர் முதுகு போய்விடும். அதனால் நீளமான மரக் கரண்டியின் நுனியில் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி, கால் பக்கத்தில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ஈரப் புல்லில் "படு" என்றால் சத்தியமாகப் படுக்காது. மற்ற நாய்களுக்கு ஈரம் பாதத்தில் படும், இதற்கு நேராக வயிற்றில் படும், பாவம்! தவிர, நிற்பதற்கும் படுப்பதற்கும் வித்தியாசமே சில அங்குலம்தான் என்பதால், நடுவருக்குத் தெளிவாகத் தெரியும்படி படுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பயிற்சி நேரம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, அவ்வளவுதான். ஒரே கட்டளையைப் பத்து முறை சொன்னால், நாலாவது முறைக்கு மேல் "சரியாத்தானே செஞ்சேன், இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்பது போல அது வேலைநிறுத்தம் செய்துவிடும். அடித்தால் இன்னும் மோசம். அடி வாங்கிய டாஷ்ஹண்ட் கற்றுக்கொள்ளாது, கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளத்தான் பழகும். சரியாகச் செய்த அந்தக் கணத்தில் 'கிளிக்' என்று ஒரு சின்னச் சத்தம், உடனே தீனி. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் எது சரி என்று அதுவே யோசித்துக் கண்டுபிடிக்கிறது. சொந்தமாக யோசிக்கிற நாய்க்கு இந்த முறை அப்படியே பொருந்திப் போகிறது.

இப்போது சிக்கலைக் கவனியுங்கள். கீழ்ப்படிதல் போட்டியில் எஜமான் நின்றால், சொல்லாமலே நாய் உட்கார வேண்டும். கண்காட்சியில் எஜமான் நின்றால் நாய் உட்காரவே கூடாது, நிற்க வேண்டும்! ஒன்றில் எஜமான் முகத்தை விட்டுப் பார்வை நகரக் கூடாது. இன்னொன்றில் நேராகப் பார்த்தபடி கொஞ்சம் முன்னால் கம்பீரமாக நடக்க வேண்டும். களத்திலோ எஜமான் என்று ஒருவர் இருப்பதையே மறந்து, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு நாய், மூன்று வாத்தியார், மூன்றும் எதிர் எதிர்ப் பாடம்!

பழைய பயிற்சியாளர்கள் பலர், கண்காட்சிப் பட்டம் வாங்கி முடிக்கும் வரை நாய்க்கு "உட்கார்" என்பதே சொல்லித் தர மாட்டார்கள். அது தேவையில்லாத பயம். நாய்க்கு உடை மாற்றினால் போதும். கண்காட்சிக்கு நூல் மாதிரி மெல்லிய கயிறு. கீழ்ப்படிதலுக்குச் சாதாரணக் கழுத்துப் பட்டை. மோப்ப வேலைக்கு மார்பைச் சுற்றிய உடம்புப் பட்டையும் நீளக் கயிறும். கட்டளைச் சொற்களும் வேறு வேறு. எது கழுத்தில் ஏறுகிறதோ அதை வைத்தே இன்றைக்கு என்ன வேலை என்று நாய் புரிந்துகொள்ளும். பி.டி. டிரஸ் போட்ட நாளில் நம்ம கால் தானாக மைதானத்துப் பக்கம் போகிறதே, அந்த மாதிரி. "நில்" என்பதை "உட்கார்" என்பதற்கு முன்பே, தனிப் பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் குழப்பம் இன்னும் குறையும்.

மூன்றாவது, களச் சோதனை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்காவில் டாஷ்ஹண்டுகளுக்கான களச் சோதனை 1935-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் தொடங்கியது. நாய்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டிரண்டாக ஜோடி சேர்ப்பார்கள். வந்திருக்கும் கூட்டம் வரிசையாக நின்று, கம்பால் புதரைத் தட்டிக்கொண்டே நடக்கும். முயல் ஒன்று கிளம்பி ஓடினால், பார்த்தவர் "டாலி-ஹோ!" என்று கத்துவார். உடனே எல்லோரும் நிற்க வேண்டும். முயல் கண்ணுக்கு மறைந்த பிறகு, அது ஓடிய இடத்துக்கு ஜோடி நாய்களைக் கொண்டுவந்து, மூக்கை அந்தத் தடத்தில் காட்டி அவிழ்த்து விடுவார்கள்.

அதற்குப் பிறகு மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாய்கள் முயலைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, தடத்தை விடாமல் போனால் போதும். யார் வேகமாக ஓடினார்கள் என்பது கணக்கில்லை. முயல் சட்டென்று திரும்பிய இடத்தில் தடம் அறுந்துபோகும். அங்கே எந்த நாய் பதறாமல் சுற்றிச் சுற்றி மோந்து, மறுபடி நூலைப் பிடிக்கிறது என்பதைத்தான் நடுவர்கள் பார்க்கிறார்கள். வந்த வழியே திரும்பி மோப்பம் பிடித்துப் போவது குறை. தடமே இல்லாமல் சும்மா குரைப்பதும் குறை. பாதியில் விட்டுவிட்டு எஜமானிடம் ஓடி வருவது பெரிய குறை. பார்த்தது போதும் என்று நடுவர் சொன்னதும் நாய்களைப் பிடித்துவிடுவார்கள். முயலைக் கொல்வது நோக்கமே இல்லை.

ஜெர்மனியில் இன்னும் கடுமை. முயலைக் காணாமல், அதன் தடத்தின் வாசனையில் மட்டுமே குரல் கொடுத்தபடி போகிறதா என்று ஒரு தேர்வு. வேட்டுச் சத்தத்துக்கு மிரளாத தன்மைக்கு ஒரு தேர்வு (நம்ம ஊர் நாய்களுக்குத் தீபாவளி அன்று வைத்தால் எத்தனை தேறும் என்று தெரியவில்லை!). இன்னொன்று ரத்தத் தடம். காட்டில் சுமார் 1000 மீட்டர் தூரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைச் சொட்டி வைப்பார்கள், மொத்தமே கால் லிட்டர்தான். அதைக் குறைந்தது 20 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் நாயைக் கொண்டுவந்து தொடரச் சொல்வார்கள். ஏன் இந்தப் பாடு? சாலையில் வண்டி மோதியோ, குண்டு சரியாகப் படாமலோ ஓடிப்போன மான் எங்கோ புதரில் கிடந்து துடிக்கக் கூடாது, அதைத் தேடிப் பிடித்தே ஆக வேண்டும். இதற்குத் தேர்ச்சி பெற்ற நாய் கைவசம் இருக்க வேண்டும் என்று அங்கே பல மாநிலங்களின் வேட்டைச் சட்டமே சொல்கிறது. ரத்தத் தடம், கூச்சல் போட்டுத் தேடுதல், கீழ்ப்படிதல் எல்லாம் சேர்ந்த 'பல்திறன் தேர்வு' ஒன்றும் உண்டு. அமெரிக்க டாஷ்ஹண்ட் சங்கமும் பல துறைகளில் தேறிய நாய்க்குப் பல்திறன் சான்றிதழ் கொடுக்கிறது.

வளைக்குள் போகும் திறமைக்கும் ஒரு சோதனை அமெரிக்காவில் 1994 முதல் நடக்கிறது. பூமிக்குள் ஒன்பது அங்குல அகல, ஒன்பது அங்குல உயர மரச் சுரங்கம். 30 அடி நீளம், மூன்று திருப்பம், முடிவில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் கூண்டில் எலிகள். நாய் அரை நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்து, ஒரு நிமிஷம் விடாமல் குரைத்தோ பிராண்டியோ காட்ட வேண்டும். எலிக்கு ஒன்றும் ஆகாது.

மோப்பம் பழக்குவது சுலபம். ஓர் இறைச்சித் துண்டை நூலில் கட்டிப் புல்லில் நேராகப் பத்துப் பதினைந்து மீட்டர் இழுத்து, கடைசியில் அதை வைத்துவிட வேண்டும். குட்டி மோந்துகொண்டே போய்ச் சாப்பிடும். நாள் போகப் போக நீளம் கூடும், திருப்பம் வரும், தடம் போட்டபின் காத்திருக்கும் நேரம் கூடும். இங்கே கஷ்டமான பாடம் மனிதனுக்குத்தான். நாய் தடத்தை விட்டு விலகியதும் "அங்கே இல்லடா, இங்கே!" என்று கை காட்டக் கூடாது. காட்டினால் அடுத்த முறை அது மூக்கை நம்பாது, உங்கள் முகத்தைப் பார்க்கும். அதனால் குட்டிக்கு மூக்குப் பாடத்தை முதலில் தொடங்கிவிட்டு, கறாரான கீழ்ப்படிதலைப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். மற்ற இடத்தில் நாம் வாத்தியார், இங்கே அது வாத்தியார்.

இந்தியாவில் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். எனவே முயல் தடச் சோதனை இங்கே பேச்சுக்கே இடமில்லை. (அதே 1972-இல்தான் மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமாக 'வால்டி' என்ற டாஷ்ஹண்ட் பொம்மை வந்தது. மாரத்தான் ஓடிய பாதையையே அந்த நாயின் வடிவத்தில் அமைத்தார்களாம்!) ஆனால் கண்காட்சி நம்ம நாட்டுக்குப் புதிதல்ல. 1896-இல் தொடங்கிய இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. மோப்ப விளையாட்டையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நாலு பூந்தொட்டியைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் கருவாட்டுத் துண்டை வைத்து, "தேடு" என்று விட்டால் போதும். தினமும் பத்து நிமிஷம் இப்படி மூக்குக்கு வேலை கொடுத்தால், செருப்பைக் கடிப்பதும் தோட்டத்தைத் தோண்டுவதும் பெருமளவு குறையும். வேலை இல்லாத மூளைதான் அந்தச் சேட்டையெல்லாம் செய்கிறது.

கடைசியாக, முதலில் சொல்லாமல் விட்ட விஷயம். அந்த இரண்டாவது மரபணு நகல். 2017-இல் வந்த ஆராய்ச்சி இதைத்தான் காட்டியது. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கும், நமக்கும் உண்டு. உள்ளே ஜெல்லி போல இருக்க வேண்டிய அந்த வட்டு, இந்த நகல் உள்ள நாய்களுக்குச் சின்ன வயதிலேயே சுண்ணாம்பாக இறுகிப்போகிறது. ஒரு நாள் அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால் செயலிழந்துவிடும். நாலு டாஷ்ஹண்டுக்கு ஒன்று வாழ்நாளில் ஏதாவது ஒரு அளவில் இந்த முதுகுத் தொல்லையைப் பார்க்கிறது என்கிறார்கள். டென்மார்க், பின்லாந்து போன்ற நாடுகளில் குட்டி போடவிடும் முன்பே எக்ஸ்ரே எடுத்து, இறுகிப்போன வட்டுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். நம்ம ஊரில் நாய் வாங்கும்போது கலரைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம். "தாய் தகப்பனுக்கு முதுகு நல்லா இருக்கா?" என்று யாரும் கேட்பதில்லை. பிறகு கால் விழுந்தால் தெருவில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

அதனால் உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ டேஷ் இருந்தால் இதை மட்டும் கவனியுங்கள். குண்டாக விடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். மடியிலேயே வைத்துக் கொஞ்சாமல் தினமும் நடக்க விடுங்கள், தசை உறுதியாக இருந்தால்தான் முதுகுக்குத் துணை. சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிக்க விடாமல் ஒரு சாய்வுப் பலகை வையுங்கள். திடீரென்று முதுகைக் கூனிக்கொண்டு நின்றாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

அப்புறம், முன்னங்கால் இரண்டையும் பிடித்து அப்படியே தூக்குகிறோம் பாருங்கள், அது கூடவே கூடாது. ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பகுதிக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக நேராக இருக்க வேண்டும். பக்கத்தில் படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

– பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு